டிரம்மில் அடைத்த சோளம்

எங்கள் வீட்டுப் பின்பக்க முற்றத்தில், இரண்டாம் கட்டில், ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் கவிழ்ந்து கிடக்கிறது. துணி துவைக்கிற வாளியை வைக்க என் மனைவி அதைப் பயன்படுத்துகிறாள். நான் ஒட்டிய சீட்டு இன்னும் அதன் வயிற்றில் தலைகீழாக இருக்கிறது. பயிர், ரகம், அறுத்த மாதம், அடைத்த நாள், அடைத்தவர் கையொப்பம் என்று எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறேன். ஈரப்பதம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் விதைப் பரிசோதனை நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துணிப் பையில் வரும் விதை மாதிரியைக் கலந்து, பிரித்து, எண்ணி, ஈரம் பார்த்து, முளைக்க வைத்து, நோய் பார்த்து, தேறியது அல்லது தேறவில்லை என்று எழுதுவது என் தொழில். தேறவில்லை என்று எழுதினால் விதைக்காரர் நேரில் வந்து நிற்பார். "கடிச்சுப் பாருங்க சார், கடக்குன்னு ஒடையும்" என்பார். "உங்க பல்லுக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?" என்று கேட்பேன். அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார். பணிக்காலம் முழுக்க அந்த ஒரே கேள்விக்குச் சிரிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. அதிகாரியாக இருப்பதில் அது ஒரு வசதி.

ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் சொந்த ஊரில் குடியேறி, கிணற்றடி நிலத்தில் சோளம் போட்டேன். போன மாசியில் கதிர் முற்றி நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லார் சோளமும் கதிரிலேயே கறுத்தது. என்னுடையது பார்வைக்கு வெள்ளையாக இருந்தது. அறுத்து அடித்து மூன்று நாள் களத்தில் காயப்போட்டேன். மூன்று நாளும் வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. ஈரம் பார்க்கும் கருவி ஆபீசோடு போய்விட்டது. நான்கு மணிகளை வாயில் போட்டுக் கடித்தேன். கடக் என்றது.

"ஒடஞ்சது சோளமா, கட்டுன பல்லா?" என்றாள் மனைவி. என் வலது பக்க மேல்வரிசை, டாக்டர் கட்டிக் கொடுத்தது.

சாக்கில் வைக்கும் சோள விதையில் பன்னிரண்டு சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். சாக்கு மூச்சு விடும். காற்றுப் புகாத கலத்தில் அடைப்பதென்றால் எட்டைத் தாண்டக் கூடாது. பயிற்சி வகுப்புகளில் இதைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, இரண்டு முறை சொல்ல வைத்தவன் நான். எலிக்குப் பயந்து டிரம்மில் அடைத்தேன். வாரம் ஒருமுறை திறந்து கோழிக்கு ஒரு கிண்ணம் அள்ளிப் போட்டோம். வைகாசி வாக்கில் மனைவி சொன்னாள்: "கோழி கூட ஒதுக்குது ஒங்க சோளத்தை. கலந்து போடுற கம்பை மட்டும் பெறக்கித் திங்குது."

"கோழி எந்தக் காலேஜில் படிச்சது?" என்றேன்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் முளைப்பாரி. மண்சட்டிகளில் காய்ந்த எருவையும் வைக்கோலையும் போட்டு, ஊறவைத்த விதையைத் தூவி, வெளிச்சம் புகாத ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் விரதமிருந்து, உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். ஆம்பளைகள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. எட்டாம் நாள், வெளிச்சம் காணாத வெளிர்மஞ்சள் முளைகளை முழ உயரத்துக்குத் தலையில் சுமந்து வருவார்கள். பயறு மட்டும் போட்டால் தண்டு துவண்டு சாயும் என்று எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி சோளம் கலப்பது வழக்கம். முளை செழித்தால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும். செழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்படி நடந்ததில்லை.

நடக்காததற்குக் காரணம் பாரி வளர்த்த பெண்ணின் கைராசி என்று ஊர் நம்பியது. எனக்குத் தங்கச்சி முறை. ஐம்பதைத் தாண்டியவள். அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் இருந்தார். ஆவணி, புரட்டாசியில் மானாவாரி விதைப்பு தொடங்கும்போது ஊரில் எந்த வயலானாலும் முதல் மூன்று கை அவள்தான் விதைக்க வேண்டும். அப்புறம்தான் டிராக்டர் இறங்கும். அதற்கு ஒரு மரக்கால் நெல். அந்த வயலில் களை எடுப்பு, அறுப்பு எதுவானாலும் முதல் கூப்பாடு அவளுக்கு. வருடம் முழுவதும் அந்த வீட்டில் உலை கொதித்தது அந்தக் கையால்தான்.

வழக்கமாகப் பாரிக்கு வீட்டுக்கு ஒரு படி விதை வாங்குவார்கள். இந்த வருடம் எல்லார் வீட்டுச் சோளமும் கறுத்துப்போனதால், கோயில் கூட்டத்தில் ஊர்த் தலைவரான அம்பலம் கவலைப்பட்டார். நான் எழுந்தேன். யாரும் கேட்கவில்லை, நானே எழுந்தேன்.

"நம்ம டிரம்மில் இருக்கு. முறைப்படி சேமிச்சது. நான் தாரேன்."

"அப்புறமென்ன? ஆபீசர் சோளம்! முத்திரை குத்தி வரும்" என்றார் அம்பலம். அவருக்கு நான் மாமன் முறை. கேலி செய்ய உரிமை உண்டு.

மூடியைத் திறந்து அளந்தபோது ஒரு வாடை வந்தது. பிளாஸ்டிக் வாடை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் எனக்கு அனுபவம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை விதை போட்டார்கள். இருபத்தொரு சட்டி. வெள்ளிக்கிழமை காலை பின்வாசல் வழியாக அவள் வந்தாள். ஈரத்தலை, மஞ்சள் புடவை, மணிக்கட்டில் விரதக் காப்புக் கயிறு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி சோளத்தை என் முன்னால் இருந்த செய்தித்தாளில் கொட்டினாள்.

"அண்ணே, பயறு தலை காட்டிருச்சு. சோளம் கெடையா கெடக்கு. மேல வெள்ளையா நூலு பாஞ்சிருக்கு. நீங்க படிச்சவுக, இது என்னன்னு சொல்லுங்க."

மணிகளின் மேல் வெள்ளைப் பஞ்சு. சிலவற்றில் பஞ்சின் நுனி பச்சைத் தூளாகியிருந்தது. இரண்டு விரலால் நசுக்கினேன். தோல் கழன்று, உள்ளேயிருந்து கூழ் பிதுங்கியது. முளை வந்த சுவடே இல்லை.

பூஞ்சைக்கு வாய் கிடையாது, வயிறும் கிடையாது. நாம் சாப்பிட்டுவிட்டுச் செரிக்கிறோம். அது செரித்துவிட்டுச் சாப்பிடுகிறது. நூல் போன்ற தன் உடம்பிலிருந்து நொதிகளை வெளியே கசியவிடும். ஒரு நொதி மணியின் தோலை இளக்கும். ஒன்று உள்ளே இருக்கும் மாவை வெட்டிச் சர்க்கரையாக்கும். இன்னொன்று முளைக்கருவில் இருக்கும் எண்ணெயை உடைக்கும். எல்லாம் கரைந்து கஞ்சியானதும் உறிஞ்சிக்கொள்ளும். முளைக்கிற விதையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. குருத்துக்கு ஊட்டுவதற்காகத் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்கிறது. மாவை வெட்டும் நொதிக்கு அமிலேஸ் என்று பெயர். அதனிடம் இருப்பதும் அமிலேஸ், இதனிடம் இருப்பதும் அமிலேஸ். இருப்பது ஒரே பானை மாவு. யார் முதலில் இறக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல விதையில் முளை முந்திக்கொள்ளும். ஈரத்தோடு ஐந்து மாதம் மூச்சுமுட்டிக் கிடந்த விதையில் முளைக்கரு எப்போதோ செத்திருக்கும். பூஞ்சை சாவகாசமாகச் சாப்பிடும்.

அப்படியானால் மணி இனிக்க வேண்டும். முளையே விடாத மணி இனித்தால், மாவை வெட்டியது விதை அல்ல.

"ஒண்ணை நாக்குல வச்சுப் பாரு. இனிக்குதா?" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்து, உடனே கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"இனிக்குதுண்ணே. கெட்ட இனிப்பு."

ஆய்வுக்கூடத்தில் எந்த மாதிரியையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். பூஞ்சை பிடித்த தானியத்தில் நஞ்சும் இருக்கலாம். அதனால் நான் வைக்கவில்லை.

"இப்ப என்னண்ணே செய்ய? வேற விதை மாத்திப் போட்டுறவா? இன்னும் நாலு நா இருக்கு. பயறு மட்டும்னாலும் சாணு வந்துரும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. என் சோளம் கெட்டது, தூக்கிக் கொட்டிவிட்டு வேறு போடு. நான் சொன்னது வேறு. பூஞ்சை விதையிலிருந்தும் வரலாம், எருவிலிருந்தும் வரலாம், வைக்கோலிலிருந்தும் வரலாம், தண்ணீரிலிருந்தும் வரலாம். எது என்று தெரியாமல் மாற்றினால் மாற்றியதும் கெடும். ஈரத்தாளில் விதையைப் பரப்பி ஏழு நாள் வைத்து, எட்டாம் நாள் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இதில் எனக்குப் பிடிக்காதது.

"எட்டாம் நாளா? திருவிழா செவ்வாக்கெழமையில்ல?" என்றாள்.

"அதுவரைக்கும் தண்ணியைக் குறைச்சுத் தெளி. கதவைக் கொஞ்சம் தெறந்து வை."

"கதவைத் தெறக்கக் கூடாதுண்ணே" என்று, எனக்குத் தெரியாததைச் சொல்வது போல் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே சோதனையைத் தொடங்கினேன். வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகளில் மை உறிஞ்சும் தாளை மூன்றடுக்காக நனைத்துப் போட்டு, அவள் கொண்டுவந்த மணிகளை ஒரு வரிசைத் தட்டுகளிலும், டிரம்மிலிருந்து எடுத்த மணிகளை இன்னொரு வரிசையிலும் இடைவெளி விட்டுப் பரப்பினேன். எருவோ வைக்கோலோ படாத டிரம் சோளத்திலும் பூஞ்சை வந்தால் குற்றம் டிரம்முடையது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டுகளில் வெள்ளை நூல் பரவியிருந்தது. சில மணிகள் ரோஜா நிறத்தில் கசிந்திருந்தன.

"இட்டிலிக்குத் தட்டு இல்லை" என்றாள் மனைவி. பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன தெரியணும் ஒங்களுக்கு?" என்றாள்.

"ஏழு நாள் ஆகணும்."

"போயி அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கிச் சொன்னாலும் ஒரு சாணாச்சும் வரும்."

நான் போகவில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கும்போது கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சம்பளம் வாங்கிய காலத்தில் அதை நான் இவ்வளவு மதித்ததில்லை.

திங்கட்கிழமை காலை அம்பலத்தின் மனைவியும் நாலைந்து பெண்களும், திருவிழாவுக்கு முந்தைய நாள் வழக்கப்படி, கதவைத் திறந்து பார்த்தார்கள். இருபத்தொரு சட்டியிலும் பச்சைத் தூள். சோளத்திலிருந்து பரவிப் பயறையும் சாய்த்துவிட்டது. புளித்த மாவு வாடை தெருமுனை வரை வந்தது. அரை மணி நேரத்தில் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நானும் போனேன்.

அவளை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கை கட்டியிருக்கவில்லை, இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின. எல்லோரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்கள்.

"வெரதம் சுத்தமா இருந்தியாத்தா?" என்று அம்பலம் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"இருந்தேன்."

"வீட்டுல கருவாட்டு வாசம் வந்துச்சாம்ல?" என்றாள் கூட்டத்திலிருந்த ஒருத்தி.

"எங்க வீட்டுல கருவாடு வாங்கக் காசு எங்குட்டு இருக்கு? ஒன் மூக்குல ஒட்டியிருக்கும், தொடச்சுக்க" என்றாள் இவள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்திருக்கக்கூடும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அம்பலத்தின் மனைவிதான் கடைசியாகக் கேட்டாள். "ஆத்தாளுக்கு விட்ட வெதையை வாயில கீயில வச்சியா?"

அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சோளத்தை நாக்குல வச்சுப் பாத்தேன். முழுங்கலை. துப்பிட்டேன்."

"ஏன் வச்சே?"

"கெட்டுப்போச்சான்னு பாக்க."

யார் வைக்கச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று தெரியாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதும் ஆபீஸ் பழக்கம்தான். பிறகு அம்பலம் அவள் மணிக்கட்டுக் காப்பைத் தன் மனைவியை அவிழ்க்கச் சொன்னார்.

பூஞ்சை வெளியிலிருந்தே கரைத்துச் சாப்பிடுவதைப் போல ஊரும் அவளைச் சாப்பிட்டது என்று எழுத வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பூஞ்சைக்குப் பசி. எங்களுக்கு அதுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரில் கேட்டு வாங்கி வந்த மூன்று சட்டிப் பாரியை வேப்பிலை மறைத்துச் சுமந்தார்கள். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, எட்டாம் நாள், முடிவை எழுதினேன். இரண்டு வரிசைத் தட்டுகளிலும் ஒரே பூஞ்சைகள். டிரம் சோளத்தில் ஒரு மணிகூட முளைக்கவில்லை. குறை விதையுடையது, வளர்ப்பு முறையுடையது அல்ல. பழைய படிவத்தின் வரிசைப்படியே எழுதி, கையெழுத்திட்டு, அம்பலத்தின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாக்கில் வைக்கச் சொன்னதும் நான்தான் என்பதை, கடைசியில், வாயால் சொன்னேன்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார். அவரும் படித்தவர்.

"சரி மாமா. ஒங்க சோளந்தேன் கெட்டது. ஒத்துக்கிறேன். நீங்க பெரிய மனுசன், வந்து சொன்னீக." தாளை மடித்தார். "ஆனா ஒண்ணு. நல்ல வெதையை யாரு போட்டாலும் மொளைக்கும். கெட்ட வெதையையும் மொளைக்க வக்கிறதுக்குப் பேருதானே கைராசி? அது இல்லேன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல?"

எத்தனையோ மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதியவன் நான். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"திங்கக்கெழமை கூட்டத்துல நீங்க வாயைத் தொறந்திருந்தா பேச்சே வேற. அப்ப நான் சனங்களை அங்குட்டுத் திருப்பியிருப்பேன். காப்பை அவுத்தாச்சு. இனிமே கட்ட முடியாது மாமா" என்று சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் நல்ல மழை. ஒவ்வொரு வயலாக டிராக்டர் இறங்கியது. முதல் மூன்று கைக்கு அம்பலத்தின் மருமகளைக் கூப்பிட்டார்கள். களை எடுப்புக்கும் தங்கச்சியை யாரும் கூப்பிடவில்லை. பகை ஒன்றுமில்லை. வழியில் பார்த்தால் எல்லோரும் பேசினார்கள். பயிரில் மட்டும் அவள் கை படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்த கணவர் தலையை ஆட்டி, "வாங்க மச்சான்" என்றார். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு நாலாம் நாளே தெரியுமாண்ணே?" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்.

"முடிவு எட்டாம் நாள்தான் வரும்."

"அதைக் கேக்கலை."

தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். என் நிலத்தில் விதைப்பு வைத்திருக்கிறேன். முதல் மூன்று கை அவள்தான் போட வேண்டும். மரக்கால் நெல் வழக்கம் போல.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என்னைக்கிண்ணே?"

"நாளைக்கு. விடியற முன்ன வந்திரு. அஞ்சு மணிக்கு."

"டிராக்டர் எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு."

கணவர் கூரையைப் பார்த்தார்.

"ஆளுக வாரதுக்கு முன்ன வந்து போட்டுட்டுப் போயிரணும். அப்படித்தானே?"

"அப்படி இல்லை தங்கச்சி, வெயிலுக்கு முன்ன..."

"எட்டு மணிக்கு வாரேண்ணே. டிராக்டர்காரரு, பக்கத்துக் காட்டுக்காரவுக எல்லாம் இருக்கயில, பாத்துக்கிட்டு இருக்கயில போடுறேன். நெல்லு வேணாம். சும்மா போடுறேன்."

பக்கத்து நிலம் அம்பலத்துடையது. வாய்க்கால் பொது. டிராக்டர் அவருடைய தம்பியுடையது. இவை எல்லாம் வரிசையாக என் மனதில் வந்தன. வரிசையாக வருவதில் என் மனதுக்குப் பயிற்சி உண்டு.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"எத்தனை நாளு ஆகும்ணே? ஏழா?"

மறுநாள் எட்டு மணிக்கு டிராக்டர் வந்தது. மூன்று கையையும் நானே போட்டேன். அவள் இப்போது காலை முதல் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய், பலகாரம் செய்கிற ஓர் இடத்தில் மாவு பிசைகிறாள். போகிறபோது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் நான் இரண்டாம் கட்டில் இருந்துகொள்கிறேன். டிரம் மேல் வாளி இருக்கிறது. மனைவி துணிக்குப் போடுகிற சலவைத் தூளிலும் பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி கலந்திருக்கிறது. கறையை வெட்டும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறார்கள். என் நிலத்தில் இந்த வருடம் நெல் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆபீசருக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு.